மீண்டு வரும் குரல்: இசைத்தட்டும் மறுபதிப்பும்

திருவண்ணாமலைக் கோயிலின் இராசகோபுரத்தைக் கடந்து உள்ளே செல்வோர் கம்பத்து இளையனார் சன்னதியைக் காண்பர். அதற்கு அப்பால் வல்லாள மகாராசன் கோபுரத்தின் அடியில் கோபுரத்து இளையனார் வீற்றிருக்கிறார். வாழ்வை வெறுத்துக் கோபுரத்தின் மேலிருந்து வீழ்ந்த அருணகிரியை முருகன் தாங்கிக்கொண்டு, பாடு என்று பணித்து, முதலடியும் எடுத்துக் கொடுத்தான் என்பது இவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தப் புலவர் பாடிய திருப்புகழ்ப் பாக்கள் 16,000 என்று மரபு கூறும். இன்று நம் கையில் இருப்பவை ஏறத்தாழ 1,300.

இந்த 1,300 பாக்களும் தாமாக வந்து சேரவில்லை. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை என்னும் நீதித்துறை அலுவலர், சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான ஒரு வழக்கில் திருப்புகழ் அடிகள் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டதைக் கேட்டு, அவற்றைப் பாடிய புலவரின் நூல் முழுவதையும் தேட முற்பட்டார் என்று கூறுவர். ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கி, 1890களில் அச்சிடத் தொடங்கினார். 1909இல் அவர் மறைந்த பின் அவர் மைந்தர் வ. சு. செங்கல்வராய பிள்ளை அப்பணியைத் தொடர்ந்தார். சொல் மீண்டது, சந்தமும் மீண்டது. ஆனால் அருணகிரியார் எந்தப் பண்ணில், எந்த நடையில் பாடினார் என்பதை ஏடு சொல்லவில்லை. எழுத்தாணிக்குச் சொல்லைக் கீறத் தெரிந்ததே தவிர, குரலைக் கீறத் தெரியவில்லை.

குரலையே கீறி வைக்கும் ஊசி, சுப்பிரமணிய பிள்ளை ஏடு தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில் கடல் கடந்த நாட்டில் உருவாகிக்கொண்டிருந்தது. 1877இல் எடிசன் உருளையில் ஒலியைப் பதித்தார். 1887இல் எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தைக் கொண்டுவந்தார். இந்த மாற்றத்திலேதான் மறுபதிப்பின் வித்து அடங்கியிருக்கிறது. மெழுகுத் தட்டில் பதிந்த ஒலிக்கோட்டின் மீது செம்பைப் படியவைத்து ஓர் அச்சு எடுக்கலாம். அந்த அச்சிலிருந்து எத்தனை ஆயிரம் தட்டுகளையும் அழுத்தி எடுக்கலாம். தட்டுக்கு வேண்டிய மூலப்பொருள் அரக்கு. உலகின் பெரும்பகுதி அரக்கு நம் நாட்டுக் காடுகளிலிருந்துதான் சென்றது. பூச்சி கக்கிய பிசின் கப்பலேறிப் போய்ப் பாட்டாகத் திரும்பி வந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

1902இல் கிராமபோன் கம்பெனியின் சார்பில் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். சில ஆண்டுகளுக்குள் அக்கம்பெனியின் பதிவாளர்கள் சென்னைக்கும் வந்தனர். அன்றைய முறையில் ஒலிவாங்கி கிடையாது. பாடுவோர் ஓர் ஊதுகுழலின் வாயருகே முகத்தை வைத்து உரத்துப் பாட வேண்டும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சற்று மேலும்தான் இடம். மெழுகுத் தட்டுகள் செருமனியின் ஹனோவர் நகருக்குச் சென்று அங்கே அச்சாகி வரும். 1908இல் கல்கத்தாவில் ஆலை அமையும்வரை இதுவே வழக்கம். கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொன்னதுகூட, அச்சிடும் அயலார் தட்டை அடையாளம் காண்பதற்காக என்று விளக்கம் கூறுவர்.

தெற்கே ஊதுகுழலின் முன் முதலில் துணிந்து நின்றவர்களில் முதன்மையானவர்கள் பெண்கள். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி ஆகியோர் பெயர்கள் அக்காலப் பட்டியல்களில் மிளிர்கின்றன. இவர்கள் இசையையே குலத்தொழிலாகக் கொண்ட இல்லங்களைச் சேர்ந்தவர்கள். பெரிய வித்துவான்களில் பலர் இயந்திரத்தை ஐயுற்றனர். பெட்டிக்குள் பாடினால் குரல் கெடும் என்றும், தட்டை எவனும் எங்கும் வைத்துக் கேட்பான், அது வித்தைக்கு இழிவு என்றும் எண்ணியவர் உண்டு. ஆலாபனையும் நிரவலுமாக ஒரு மணி நேரம் விரிய வேண்டிய இராகத்தை மூன்று நிமிடத்தில் அடக்குவது எப்படி என்ற நேர்மையான கேள்வியும் இருந்தது. இப்பெண்கள் அக்கேள்விக்கு விடை கண்டனர். பாட்டின் உயிர்நிலை எதுவோ அதை மட்டும் சுருக்கிக் கொடுக்கும் கலையை அவர்கள் ஊதுகுழலின் முன்னேயே கற்றனர்.

அவர்களுள் கோயம்புத்தூர் தாயியின் குரல் சென்ற தொலைவு வியப்புக்குரியது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் 1912ஐ ஒட்டி இந்தியாவுக்கு வந்தவர். அவர் தாயியின் தட்டுகளில் மயங்கி, அவற்றுள் ஒன்றைத் தழுவி ‘ராகமாலிகா’ என்னும் பியானோ இசையை அமைத்தார். ஆதார சுருதியின் கார்வையைக் காட்டும்பொருட்டுப் பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டை செருகுமாறு அதில் குறிப்பு எழுதினார். ஒரு தமிழ்ப் பெண்ணின் மூன்று நிமிடப் பாட்டு, பாரிசில் ஒரு பியானோவின் ஒலியையே மாற்றி அமைத்தது. 1917இல் தாயி மறைந்தார். அதன்பின் அவர் பெயரைத் தமிழகமே ஏறக்குறைய மறந்தது.

நாகரத்தினம்மாளைப் பற்றி இங்கு ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. தட்டுகளில் பாடிப் புகழ்பெற்ற அவர், முத்துப்பழனி என்னும் தஞ்சை அரசவைப் பெண்பாற் புலவர் தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனமு’ என்னும் நூலை ஏட்டோடு ஒப்பிட்டு, முன்பு வெட்டப்பட்டிருந்த பகுதிகளையும் சேர்த்து 1910இல் மறுபதிப்புச் செய்தார். அடுத்த ஆண்டே அரசு அதைத் தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. மறுபதிப்பு என்பது வெறும் நகல் வேலையன்று என்பதையும், எதை மீட்பது, எதை வெட்டுவது என்ற வழக்கு அதில் எப்போதும் உள்ளுறைந்திருக்கிறது என்பதையும் அந்த அம்மையார் தம் அனுபவத்திலேயே கண்டவர்.

இனித் திருப்புகழுக்கு வருவோம். ஏட்டிலிருந்து மீண்ட திருப்புகழைக் கச்சேரி மேடையில் சிறப்புற நிலைநிறுத்தியவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934). தனகோடி அம்மாள் அவருக்குச் சிற்றன்னை முறை. மிருதங்கம், கடம், கஞ்சிரா, தவில், கொன்னக்கோல் எனத் தாளக் கருவிகள் புடைசூழ அமர்ந்து பாடும் அவருடைய ‘முழுப் பெஞ்சு’ கச்சேரி அக்காலத்தில் பெயர்பெற்றது. அருணகிரியாரின் சந்தச் சிக்கல்கள் அவருடைய லய வன்மைக்கு விருந்தாயின. ஆனால் நாயனாப் பிள்ளை இசைத்தட்டில் பாட இசையவில்லை. மின்சார ஒலிவாங்கி வந்து, ஊதுகுழலில் கத்த வேண்டிய நிலை ஒழிந்த பிறகும் அவர் மனம் மாறவில்லை. ஒரே இல்லத்தில் சிற்றன்னையின் குரல் அரக்கில் தங்கிற்று. மகனின் குரல் காற்றோடு போயிற்று. அவர் கொள்கையைப் போற்றலாம். ஆயினும் இழப்பு இழப்புத்தான்.

1930களில் தட்டு தமிழ்நாட்டின் பொதுச்சொத்தாகிவிட்டது. காரைக்குடி ஏ. வி. மெய்யப்பன் கூட்டாளிகளுடன் 1932இல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் தட்டுகளை விற்றார். நாடகப் பாட்டு, பக்திப் பாட்டு, காந்திப் பாட்டு, நகைச்சுவைத் துணுக்கு எல்லாம் தட்டில் வந்தன. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் பாடிய தட்டுகள் நாடகக் கொட்டகையை ஒருமுறையும் காணாத சிற்றூர்த் திண்ணைகளிலும் சுழன்றன. 1933 டிசம்பரில், தம் 27ஆம் வயதில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாள் அன்று உடுத்த வெள்ளுடையை வாழ்நாள் இறுதிவரை மாற்றவில்லை. கிட்டப்பா மேடையேறியதைப் பார்த்தவர் இன்று எவரும் இலர். உச்சத்தில் நின்று அலையும் அந்தக் குரலை இன்றும் கேட்டுச் சிலிர்ப்பவர் உண்டு. தட்டு இல்லையேல் அவர் ஒரு கதையாக மட்டும் மிஞ்சியிருப்பார்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் தென்மாநிலக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசையை ஒப்புநோக்கலாம். சோல் என்றால் ஆன்மா. தேவாலயத்தில் இறைவனை நோக்கிக் கதறிய குரலே காதலையும் பிரிவையும் பாட வெளியே வந்தபோது அப்பெயர் பெற்றது. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் ஸ்டாக்ஸ் என்னும் சிறு கம்பெனி ஒரு பழைய திரையரங்கையே பதிவுக்கூடமாக்கி அவ்விசையை வளர்த்தது. அங்கே ஓட்டிஸ் ரெட்டிங் 1965 ஜூலையில் ‘ஓட்டிஸ் புளூ’ என்னும் நீண்ட நேரத் தட்டின் பெரும்பகுதியை ஏறக்குறைய ஒரே நாள் பொழுதில் பாடி முடித்தார். 1967 டிசம்பரில் விமான விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 26. கிட்டப்பாவை அறிந்த தமிழருக்கு இந்த அகவையும் இந்தக் குரலும் அயலாகத் தோன்றா. ஓட்டிஸ் மறைந்த அடுத்த ஆண்டில், தாம் பதிந்த பாட்டுகளின் மூலநாடாக்கள் ஒப்பந்தப்படி அட்லாண்டிக் என்னும் பெருங்கம்பெனிக்கே உரியவை என்பதை ஸ்டாக்ஸ் உரிமையாளர்கள் அறிந்து திகைத்தனர். பாடியவர் குரல் ஒருவருடையது, பதித்த கூடம் ஒருவருடையது, மூலம் மூன்றாமவருடையது. ஆயினும் மூலம் எங்கோ ஓரிடத்தில் காக்கப்பட்டது. ஆகவே ‘ஓட்டிஸ் புளூ’ அரை நூற்றாண்டு கடந்தும் வினைல் தட்டாக மீண்டும் மீண்டும் வெளிவருகிறது. ஒவ்வொரு முறையும் மூலநாடாவிலிருந்து எடுத்தது என்று பெருமையுடன் அறிவிக்கவும் முடிகிறது. அந்நாட்டிலும் எல்லாம் பிழைத்துவிடவில்லை. 2008இல் கலிபோர்னியாவில் யுனிவர்சல் நிறுவனக் கிடங்கு ஒன்று எரிந்தபோது எண்ணற்ற மூலநாடாக்கள் சாம்பலாயின என்ற செய்தி 2019இல்தான் வெளியுலகுக்கு முழுமையாகத் தெரிந்தது.

நம் நிலை வேறு. 78 சுற்றுத் தட்டின் காலம் 1970ஐ ஒட்டி இந்தியாவில் முடிந்தது. நாற்பது நிமிடத்துக்கு மேலும் ஓடும் வினைல் தட்டும், பிறகு ஒலிநாடாவும் அதன் இடத்தைப் பிடித்தன. பழைய தட்டுகளில் எவற்றைப் புதிய வடிவில் கொண்டுவருவது என்பதை விற்பனைதான் தீர்மானித்தது. நாடறிந்த பெயர்களுக்கு இடம் கிடைத்தது. ஊதுகுழல் காலத்துப் பெண்களை அழைப்பார் இல்லை. அவர்கள் பிறந்த குலமரபை 1947இன் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்திருந்தது. கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழித்த அச்சட்டம் நியாயமானதே. ஆனால் அவர்களின் கலையைக் கேட்கவும் நாணிய ஒரு சமுதாயம், அவர்களின் தட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டது.

அதே வேளையில் வினைல் தட்டு திருவண்ணாமலைக்கு வேறொன்று செய்தது. 1964இல் டி. ஆர். ராமண்ணா இயக்கத்தில் ‘அருணகிரிநாதர்’ என்னும் திரைப்படம் வந்தது. அருணகிரியாராக நடித்தவர் டி. எம். சௌந்தரராஜன்; இசை ஜி. ராமநாதன், டி. ஆர். பாப்பா. ‘முத்தைத்தரு’ எனத் தொடங்கும் திருப்புகழைச் சௌந்தரராஜன் அதில் பாடினார். மரபின்படி முருகன் எடுத்துக் கொடுத்த அந்த முதற்பாட்டு அன்றுமுதல் ஒலிபெருக்கிக் குழாய்களின் வழியே கோயில் திருவிழாதோறும் முழங்கலாயிற்று. ஏடு கொடுக்காத மெட்டைத் தட்டு கொடுத்துவிட்டது. இன்று அப்பாட்டை நினைக்கும் தமிழர் பலரும் அந்த மெட்டிலேயே நினைக்கின்றனர். அருணகிரியாரே அப்படித்தான் பாடினார் என்று நம்புவோரும் உண்டு. தட்டின் ஆற்றலும் அதுவே, அதன் ஆபத்தும் அதுவே. ஒரு பாட்டை அது காக்கிறது. காத்த வடிவத்தை மட்டுமே மிச்சம் வைக்கிறது.

இவ்வூரில் பதிவாகாமலே போன குரலும் ஒன்று உண்டு. 1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலைக்கு வந்த இரமண மகரிஷி, 1950 ஏப்ரல் 14இல் மறையும்வரை இங்கிருந்து அகலவில்லை. இவ்வைம்பத்து நான்கு ஆண்டுகளும் இந்தியாவில் கிராமபோன் பிறந்து, வளர்ந்து, உச்சம் தொட்ட ஆண்டுகள். அவரைக் காட்டும் நிழற்படங்கள் ஏராளம். மலைச்சரிவில் அவர் கோலூன்றி நடக்கும் அசைபடத் துண்டுகளும் உள்ளன. அவை ஊமைப்படங்கள். அவர் குரல் எத்தட்டிலும் எந்நாடாவிலும் இல்லை. மௌனத்தையே உபதேசமாகக் கொண்டவர்க்கு இது பொருத்தம் என்று அன்பர்கள் அமைதி காண்பர். ஆனால் அவர் அன்பர்களோடு தமிழில் இயல்பாக உரையாடியவர். அருணாசலத்தின் மீது பாடலும் இயற்றியவர். அந்த உரையாடல் எந்த ஏற்ற இறக்கத்தில் நிகழ்ந்தது என்பதை உடனிருந்தோர் குறிப்பேடுகளால் காட்ட இயலவில்லை. ஏட்டுத் திருப்புகழின் நிலை இருபதாம் நூற்றாண்டில் மறுபடியும் நேர்ந்திருக்கிறது.

மூலம் இல்லாத இடத்தில் மறுபதிப்பு எப்படி நிகழ்கிறது என்பதை அறிந்தால், அப்பணியின் அருமை விளங்கும். அச்சுத் தகடு கிடைக்காதபோது எஞ்சுவது யாரோ வீட்டில் வைத்திருந்த தட்டு ஒன்றே. அது எஃகு ஊசியால் நூறுமுறை உழப்பட்டது. அதை முதலில் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு ஊசியைத் தேர வேண்டும். பழைய ஊசி உராய்ந்து தேய்த்த பகுதியை விட்டு, அதே பள்ளத்தின் சுவரில் தேயாமல் நிற்கும் பகுதியைத் தொடும் அளவில் வேறோர் ஊசியை அமைத்தால், செத்ததாகக் கருதிய தட்டும் சில வேளை பேசும். அடுத்தது வேகம். 78 சுற்று என்பது பெயரளவே. தொடக்கக் காலத் தட்டுகள் அதனின் குறைந்தும் கூடியும் வெட்டப்பட்டன. 74 சுற்றில் பதித்ததை 78இல் ஓடவிட்டால் குரல் ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும்; காலப்பிரமாணமும் விரைந்துவிடும். அக்காலப் பெண்கள் கீச்சுக்குரலில் அவசரமாகப் பாடினர் என்று இகழ்ந்தோர் பலர், தவறான வேகத்தில் ஓடிய தட்டைக் கேட்டு இகழ்ந்தவர்களே. இறுதியாக இரைச்சல். இன்றைய கணிப்பொறிக் கருவிகளால் அரக்கின் கரகரப்பை முற்றாக நீக்கலாம். அளவு மிஞ்சினால் வயலினின் கூர்மையும், பாடுபவர் இழுத்து விடும் மூச்சும் அதனுடன் போய்விடும். தூய்மையான ஒலியைக் கேட்போர் பாராட்டுவர். எது போயிற்று என்பதை அவர்கள் அறியார். கரகரப்பைச் சற்று விட்டுவைப்பவனே நல்ல பதிப்பாசிரியன். பாடபேதத்தை மறைக்காமல் அடிக்குறிப்பில் காட்டும் ஏட்டுப் பதிப்பாசிரியனுக்கு அவன் உறவினன்.

இந்தப் பணியில் கம்பெனிகளைவிடச் சேகரிப்பாளர்கள் செய்தது மிகுதி. 1990இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. 1994இல் மைக்கேல் கின்னியர் என்னும் ஆஸ்திரேலியர், 1899 முதல் 1908 வரை கிராமபோன் கம்பெனி இந்தியாவில் பதித்த தட்டுகளின் விரிவான பட்டியலை நூலாக வெளியிட்டார். எந்தத் தட்டில் யார் எதைப் பாடினார் என்று தெரிந்த பிறகுதான் எது காணாமல் போனது என்றே தெரிய வந்தது. பின்னர் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம், ஓடியன் தட்டுகளை அச்சங்கத்தினர் வாயிலாக எண்முறையில் பதிவு செய்து பொதுமக்கள் கேட்கக் கொடுத்தது. சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற பாட்டு லண்டன் வழியாகத் தமிழரிடம் திரும்புகிறது. வீணை தனம்மாள் 1932இல் கொலம்பியாவுக்கு வாசித்த சில தட்டுகளும் இவ்வாறு ஆர்வலர் கைமாறிக் கைமாறியே இன்றைய செவிகளை எட்டின.

அண்மைக் காலத்தில் வினைல் தட்டே மீண்டும் விருப்பத்துக்குரிய பொருளாகியுள்ளது. இங்கிலாந்தின் பைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2010களில் இளையராஜாவின் பழைய திரைப்பாடல்களைத் தொகுத்து ‘சொல்ல சொல்ல’, ‘இலெக்ட்ரோ’ என்னும் பெயர்களில் வினைலில் வெளியிட்டது. அத்தொகுப்புகளில் இடம்பெற்றவை மின்னணு வாத்தியங்கள் துள்ளும் 1970, 80களின் பாட்டுகள். தமிழரைக் கேட்டிருந்தால் தாலாட்டையும் நாட்டுப்புற மெட்டையும் முதலில் சொல்லியிருப்பர். அது குறையன்று, தேர்பவன் செவிக்குத் தக்கபடிதான் பழமை திரும்பி வரும். டெலாஜ் தாயியிடம் கேட்டது அவருக்கு வேண்டியதை. கம்பெனிகள் மீட்டது விற்கக்கூடியதை. தாயியும் தனகோடியும் கோதாவரியும் பாடியவற்றைத் தமிழர் தம் செவிக்காகத் தேர்ந்து, முறையான குறிப்புரையுடன், சரியான சுருதியில் பெருந்தொகுப்பாக வெளியிடும் வேலை இன்னும் பெரும்பகுதி எஞ்சியே நிற்கிறது. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். வெயிலில் வைத்தால் வளையும். ஏட்டைத் தின்ற கரையானுக்கு இருந்த பொறுமைகூட அதற்கு இல்லை.

நாயனாப் பிள்ளையின் மாணவர்களுள் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை தட்டுகளில் பாடியவர். ஆசிரியரின் லயப்பிடிப்பு மாணவரிடம் எவ்வளவு தங்கிற்று என்று கணிப்பது இசைவல்லார்க்கே எளிதன்று. எனினும் கோபுரத்து இளையனார் எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்தச் சந்தங்கள் காஞ்சிபுரத்து மேடையில் எப்படி ஒலித்திருக்கும் என்று அறிய விரும்புவோர், ஒருபுறம் மாணவர் தட்டையும் மறுபுறம் சிற்றன்னை தனகோடி அம்மாளின் தட்டையும் வைத்து, இரண்டுக்கும் இடையில் ஒலிக்காத மூன்றாவது குரலை ஊகித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.